விண்டோஸ் 11 போட்டதும் வைஃபை அறுந்து அறுந்து வருது: வியாசர்பாடி நண்பருக்கு

புது வைஃபை கார்டு வாங்க ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போகாதீங்க, டிரைவரை (வைஃபை கார்டை விண்டோஸோட பேச வைக்கற மென்பொருள்) முதல்ல பழையதுக்கு மாத்துங்க. விண்டோஸ் 10 வரை நல்லா இருந்தது, அதே ரூட்டர்ல போனும் நல்லா ஓடுதுன்னு சொல்றீங்க. அப்போ அப்கிரேடு ஆனப்போ லேப்டாப் கம்பெனி டிரைவர் போய் பொதுவான ஒண்ணு வந்து உட்கார்ந்திருக்கும்.

போன் ஹாட்ஸ்பாட்ல கால் மணி நேரம் ஓட்டிப் பாருங்க. அங்கேயும் அறுந்தா கோளாறு லேப்டாப்லதான்.

1. ஸ்டார்ட் பட்டன்ல ரைட் கிளிக், டிவைஸ் மேனேஜர், நெட்வொர்க் அடாப்டர்ஸ். வைஃபை கார்டு பேர்ல டபுள் கிளிக் பண்ணி, டிரைவர் டேப்ல 'ரோல் பேக் டிரைவர்' அழுத்துங்க.

2. அந்தப் பட்டன் மங்கலா இருந்தா, போனைக் கேபிள்ல சொருகி யூஎஸ்பி டெதரிங் (போன் நெட்டைக் கேபிள் வழியா லேப்டாப்புக்குத் தர்றது) போடுங்க. லேப்டாப் அடியில இருக்கற ஸ்டிக்கர்ல மாடல் நம்பர் பார்த்து, கம்பெனி தளத்துலேர்ந்தே டிரைவரை இறக்குங்க. வேற எங்கேயும் வேண்டாம்.

தண்டையார்பேட்டைல எங்க பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கு ஆன்லைன் இன்டர்வியூவுக்கு முந்தின ராத்திரி இதே தொல்லை. டிரைவர் மாத்தியும், திரை அணைஞ்சு எழுந்தா வைஃபை காணோம். அதே ஜன்னல்ல பவர் மேனேஜ்மென்ட் டேப், மின்சாரம் மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை அணைக்கலாம்னு ஒரு டிக். அந்த டிக்கை எடுத்ததும் தொல்லை நின்னுச்சு. சில மாடல்ல அந்த டேப்பே இருக்காது.

நெட்வொர்க் ரீசெட்டை (நெட்வொர்க் அமைப்பை எல்லாம் புதுசா ஆக்கறது) மட்டும் கடைசிக்கு வைங்க, சேமிச்ச பாஸ்வேர்டு எல்லாம் போயிடும். விண்டோஸ் 10-க்கே திரும்பற வசதி அப்கிரேடு ஆன 10 நாள் வரைதான். விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சாச்சு, நான் அங்கே போகச் சொல்ல மாட்டேன்.