கிருஷ்ணகிரி வெயிலில் வெள்ளை வைனோடு சாப்பிட, திகட்டாத க்ரீம் பாஸ்தா செய்வது எப்படி?

தாராளமாகச் செய்யலாம். க்ரீமைக் குறைத்து, பாஸ்தா வெந்த தண்ணீரை நம்புங்கள். அதில் இறங்கியிருக்கும் மாவுச்சத்துதான் சாஸைக் குழைவாக்கும்.

இரண்டு பேருக்கு 200 கிராம் பாஸ்தா. 2 லிட்டர் தண்ணீரில் 20 கிராம் உப்பு போட்டு வேகவிட்டு, பாக்கெட்டில் சொன்ன நேரத்துக்கு 2 நிமிடம் முன்பே எடுத்துவிடுங்கள். ஓசூர்ப் பக்கம் விளையும் குடைமிளகாயையும் நசுக்கிய பூண்டையும் ஆலிவ் எண்ணெயில் வதக்கி, பாஸ்தாவும் அது வெந்த தண்ணீர் அரை டம்ளரும் சேர்த்து விடாமல் கிளறுங்கள். அப்புறம் அடுப்பைச் சிம்மில் வைத்து 100 மில்லி க்ரீம். பாக்கெட்டில் வரும் 25 சதவீதக் கொழுப்புள்ள க்ரீம் கொதித்தால் எளிதில் திரிந்துவிடும். ராயக்கோட்டைத் தக்காளி எனக்கும் பிடிக்கும், ஆனால் அதன் புளிப்பும் க்ரீமைத் திரிய வைக்கும், இதில் வேண்டாம். சாஸ் படிந்த கரண்டியின் பின்புறம் விரலால் கோடு இழுத்தால் கோடு அப்படியே நிற்க வேண்டும், அதுதான் பதம். இறக்கிய பிறகு எலுமிச்சைத் தோல் துருவலும் மிளகும். பச்சை மிளகாய் போட்டால் வைன் தொண்டையில் எரியும்.

வைனுக்கு சோவினியோன் ப்ளாங்க் என்ற வெள்ளை வைன் வகையை எடுங்கள். அதன் புளிப்பு, க்ரீமின் கொழுப்பை நாக்கில் தங்க விடாது. 8 முதல் 10 டிகிரி குளிர்ச்சி சரி. மே மாதத்தில் பாட்டிலை மேசையிலும் ஐஸ் தண்ணீரிலேயே வையுங்கள்.