கேள்வி – பதில்: இக்னிஷன் காயில் ஏன் கொதிக்கிறது?

கேள்வி: நாலு சிலிண்டர் காரில் தனி இசியூ (இன்ஜினை இயக்கும் கணினி) போட்டு, பிளக்குக்குப் பொறி தரும் காயில்களை மாட்டினேன். இக்னைட்டர் (மின்சாரத்தை விட்டு நிறுத்தும் சுவிட்ச்) உள்ளேயே இருக்கும், நாலு முனை (pin) கொண்ட வகை. பர்லியாறு தாண்டி ஏறினால் மிஸ்ஸிங் அடிக்கிறது, அதாவது இடையிடையே பொறி தவறுகிறது. காயிலைத் தொட முடியவில்லை, அவ்வளவு சூடு.
– வாசகர், குன்னூர்

பதில்: சூட்டுக்கு முதல் சந்தேகம் ட்வெல் நேரம்தான், அதாவது ஒவ்வொரு பொறிக்கும் முன் காயிலில் மின்சாரம் பாயும் நேரம். பழைய காயிலின் அளவை அப்படியே விட்டிருந்தால் மாற்றுங்கள். 14 வோல்ட்டில் 2.5 மில்லிசெகண்டில் தொடங்கி, காயிலுக்குரிய அட்டவணை சொல்லும் வரை மட்டும் கூட்டலாம். குளிர்காலையில் பேட்டரி தளர்ந்தால் ட்வெல் கூட வேண்டும். அதை இசியூவில் வோல்டேஜ் வாரியாக ட்வெல் குறிக்கும் டேபிளில் கொடுங்கள். இசியூ காயிலுக்கு அனுப்பும் ட்ரிகர் சிக்னலின் செட்டிங் 'ஃபாலிங் எட்ஜ்' (இறங்கும் முனை) தானா? இந்த வகைக் காயில் சிக்னல் இறங்கும்போதுதான் பொறி விடும். தலைகீழாக வைத்தால் சாவி போட்டதுமே மின்சாரம் இழுத்துக் கருகிவிடும். செட்டிங் முடியும்வரை காயில் ஃப்யூஸைக் கழற்றி வையுங்கள்.

மிஸ்ஸிங்குக்கு எர்த்தைப் பாருங்கள். பவர் எர்த் வயர்கள் பெயின்ட் சுரண்டிய சிலிண்டர் ஹெட்டில் இறங்க வேண்டும். சென்சார் எர்த்தோடு சேர்க்கவே கூடாது. 12 வோல்ட் தனி ரிலே வழியாக வரட்டும். முனைகளின் (pin) வரிசை காயிலுக்குக் காயில் மாறும், வயர் நிறத்தை நம்பாதீர்கள். டர்போ இருந்தால் பிளக் இடைவெளியை 0.7 மி.மீ.க்குக் குறைத்துப் பாருங்கள். நம் மலைப் பனிமூட்டத்தில் ரப்பர் சீல் இல்லாத கனெக்டர் பச்சை பூத்துவிடும். அதையும் கழற்றிப் பார்த்துவிடுங்கள்.