குல்லா தீவுப் படம் நம்ம ஊர் மண்டபத்தில்

கேள்வி: அக்கா, 'டாட்டர்ஸ் ஆஃப் த டஸ்ட்' படத்தின் 35-ஆம் ஆண்டை ஒட்டி எங்கள் இளைஞர் குழு அதை இங்கே திரையிடப் போகிறது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் படத்தை நாம் ஏன் கொண்டாட வேண்டும், எம்.ஜி.ஆர். படம் போட்டால் கூட்டமாவது வரும் என்கிறார்கள் பெரியவர்கள். என்ன செய்யலாம்?
– கல்லூரி மாணவர், சுங்கை சிப்புட்

பதில்: கட்டாயம் போடுங்கள் தம்பி. முன் வரிசையை அந்தப் பெரியவர்களுக்கே ஒதுக்குங்கள். மலேசிய ரப்பர் தோட்டத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் போட்ட எம்.ஜி.ஆர். படங்களைப் பார்த்து வளர்ந்தவள்தான் நானும். ஆனால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக் கதைக்கு மிக அருகில் வந்த படங்களில் இது ஒன்று.

ஜூலி டாஷ் இயக்கிய இந்தப் படம் 1991-இல் வந்தது. தென் கரோலினா, ஜார்ஜியா கரையோரத் தீவுகளில் வாழும் குல்லா மக்களைப் பற்றியது. நெல், அவுரி, பருத்தி பயிரிட ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வாரிசுகள் அவர்கள். தீவுகள் ஒதுக்குப்புறமாக இருந்ததால் பேச்சு, சமையல், கூடை பின்னல் என்று முன்னோர் விட்டுப்போனதில் நிறைய தங்கிவிட்டது. கதை 1902-இல் நடக்கிறது. ஒரு பெரிய குடும்பம் வடக்கே பட்டணத்துக்குக் கிளம்பும் முன், கடற்கரையில் கூடிச் சாப்பிடுகிறது. நானா என்ற மூதாட்டி மட்டும் வர மாட்டேன் என்கிறாள். அவுரி வேலையில் நீலம் ஏறிய கைகள். அவளிடம் ஒரு தகர டப்பா இருக்கிறது. அதில் அவளுடைய தாயின் முடிக் கற்றை. வேறு இடத்துக்கு விற்கப்படும் முன் அந்தத் தாய் அறுத்துக் கொடுத்தது.

அந்த டப்பாவைப் பார்த்ததும் நான் அழுதுவிட்டேன். என் அம்மா பால் மரம் வெட்டியவர். தோட்டம் கைமாறி, லயத்தைக் காலி செய்யச் சொன்னபோது, பாத்திரம் பண்டத்தைத் தொடும் முன் ஹப் செங் பிஸ்கட் டின்னைத்தான் எடுத்தார். அதற்குள், குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தரும் சிவப்பு அடையாளக் கார்டு, அப்பாவுடையதும், முனியாண்டி கோயில் மண் ஒரு பொட்டலமும் இருந்தன. பட்டணத்துக்குப் போனால் பிள்ளைகள் பிழைத்துக்கொள்வார்கள், ஆனால் மண்ணில் கிடக்கிற பெரியவர்களை யார் பார்ப்பது என்று நானாவுக்கு இருக்கும் அதே கவலை அம்மாவுக்கும் இருந்தது. உங்கள் ஊரில் எத்தனை வீட்டில் இப்படி ஒரு டின் இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். கூட்டம் தானாக வரும்.

கேள்வி: அந்தப் படத்தின் பேச்சு எனக்கே பாதி பிடிபடவில்லை. நடுநடுவே நிறுத்தித் தமிழில் விளக்கலாமா?
– ஆசிரியை, கோலகங்சார்

பதில்: வேண்டாம் டீச்சர், நிறுத்தாதீர்கள். நடிகர்கள் பயிற்சி எடுத்துக் குல்லா வழக்கில் பேசியிருக்கிறார்கள். அமெரிக்கப் பார்வையாளர்கள் பலருக்கே அது சிரமமாக இருந்தது. ஆனாலும் டாஷ் அதை வழித்து மழுங்கடிக்கவில்லை. அந்தப் பிடிவாதம்தான் எனக்கு இந்தப் படத்தில் பிடித்த விஷயம். நம் பாட்டிமார் பெரட்டு, ஒட்டுப்பால், ஆயாக்கொட்டகை என்று தோட்டத்துச் சொற்களில் பேசினால் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். மேடை ஏற்றினால் உடனே அவர்கள் தமிழைத் திருத்த ஆள் வந்துவிடுகிறார். எனக்கு அது பொறுக்காது.

படம் ஓடும் முன் யார் யார் என்று மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுங்கள். நானா மூத்தவள், யூலா கர்ப்பிணி, மேரி வெளியூரிலிருந்து திரும்பி வந்தவள், கதை சொல்வதில் ஒரு குரல் யூலாவின் வயிற்றில் இருக்கும் குழந்தையுடையது. யூலாவுக்கு நேர்ந்த வன்கொடுமை கதையின் நடுவில் இருக்கிறது, அதனால் சின்னப் பிள்ளைகளை அழைத்து வர வேண்டாம் என்று அழைப்பிதழிலேயே போட்டுவிடுங்கள்.

கேள்வி: நம்ம 'ஜகாட்' இருக்கும்போது அயலார் படம் எதற்கு?
– வாசகர், தைப்பிங்

பதில்: அதையும் போடுங்கள், வேறொரு நாளில். 2015-இல் ஷாஞ்சய் குமார் பெருமாள் எடுத்த அந்த மலேசியத் தமிழ்ப் படம், தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்களின் அடுத்த தலைமுறையைக் காட்டுகிறது. ஒன்று கிளம்பும் நாள், மற்றது போய்ச் சேர்ந்த பிறகு. இரண்டையும் பார்த்தவர்கள் பேசுவதற்கு நிறைய இருக்கும்.

கேள்வி: திரையிடல் முடிந்ததும் கலந்துரையாடலை எப்படித் தொடங்குவது? அனுமதி ஏதும் வேண்டுமா?
– குழுச் செயலாளர், சுங்கை சிப்புட்

பதில்: நிலத்திலிருந்து தொடங்குங்கள். குல்லா மக்கள் வாழ்ந்த ஹில்டன் ஹெட் தீவுக்கு 1956-இல் பாலம் வந்தது. அப்புறம் உல்லாச விடுதிகள் வந்தன, நில விலையும் வரியும் ஏறின, பல குடும்பங்கள் தலைமுறை நிலத்தை இழந்தன. ஏறக்குறைய அதே காலத்தில் இங்கே வெள்ளைக்காரர் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. உங்கள் ஊர்க்காரரும் அமைச்சராக இருந்தவருமான துன் சம்பந்தன் தொழிலாளர்களின் காசைச் சேர்த்தே தோட்டம் வாங்க 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அதில் பங்கு கட்டியவர்கள் உங்கள் மண்டபத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள். ஒலிவாங்கியை அவர்களிடம் கொடுங்கள். ஒருவர் கைப்பேசியில் பதிவு செய்யட்டும், அவர்கள் பேசுகிற தமிழிலேயே.

அனுமதி வேண்டும். 2016-இல் புதுப்பித்து வெளியிட்டது கோஹன் மீடியா நிறுவனம். திரையிடும் உரிமைக்கு முதலில் அவர்களுக்கு எழுதிக் கேளுங்கள். தணிக்கை வாரியத்திடமும் விசாரித்துவிடுங்கள். பதில் வரத் தாமதமாகலாம், அதனால் மண்டபத்துக்கு முன்பணம் கட்டும் முன்பே எழுதிவிடுங்கள்.