பெட்டியில் பதினாறு சதுர அடி இருக்கிறதா? வீடு திருத்துபவர்களுக்கான கேள்வி-பதில்

கேள்வி: வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு. நிலம் சிவப்புச் சீமெந்து. உடைக்காமல் அதன் மேலேயே 2×2 ரைல்ஸ் பதிக்கலாம் என்கிறார் மேசன். விறாந்தையோடு சேர்த்து 550 சதுர அடி. 38 பெட்டி போதும் என்கிறது கடை. பிள்ளைகளுக்கு வெள்ளைப் பளபளப்பு ரைல்ஸ்தான் வேண்டுமாம். என்ன செய்யலாம்?
– வாசகி, பரந்தன்

மேசன் சொன்னது பாதி சரி. கடைக் கணக்கு பிழை. முதலில் கணக்கைப் பார்ப்போம்.

2×2 என்பது வாய்ப்பழக்கம். அந்த ரைலின் உண்மை அளவு 60×60 சென்ரிமீற்றர். இரண்டு அடி என்றால் ஏறக்குறைய 61 வரவேண்டும். அதனால் ஒரு ரைல் 4 சதுர அடி அல்ல, 3.875 சதுர அடிதான். நான்கு ரைல் உள்ள பெட்டியின் பக்கத்தில் 1.44 சதுர மீற்றர் என்று அச்சடித்திருப்பார்கள். அது 15.5 சதுர அடி. உங்கள் 550 உடன் வெட்டுக்கும் உடைவுக்கும் 10 வீதம் சேர்த்தால் 605. பதினாறால் பிரித்தால் 38 பெட்டி, பதினைந்தரையால் பிரித்தால் 39ஐத் தாண்டி 40 பெட்டி. 38 மட்டும் வாங்கினால், கடைசி அறையில் வேலை நிற்கும்போது அதே நிறத் தொகுதி (ஒரே தடவையில் தயாரான சரக்கு) கடையில் தீர்ந்திருக்கும். சதுர அடிக்கு விலை சொல்லி விற்கிறார்கள் என்றால், பெட்டியைப் பதினாறால் பெருக்குகிறார்களா பதினைந்தரையால் பெருக்குகிறார்களா என்று பில் போட முன்னரே கேளுங்கள். 40 பெட்டியில் 20 சதுர அடி வித்தியாசம். ஒரு பெட்டிக்கு மேலான காசு அது.

ஏற்றும்போது ஒவ்வொரு பெட்டியிலும் நிறத் தொகுதி இலக்கத்தையும் அளவு இலக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பெயரும் மாதிரியும் ஒன்றாக இருந்தாலும் தொகுதி மாறினால், பதித்த பிறகு யன்னல் வெளிச்சத்தில் இரண்டு நிறம் தெரியும். அளவு இலக்கம் மாறினால் ஒரு மில்லிமீற்றர் கூடிக் குறைந்து கோடு நேராக ஓடாது. இரண்டு ரைலை முகத்துக்கு முகம் வைத்து நடுவில் இடைவெளி தெரிகிறதா, அல்லது ஆடுகிறதா என்றும் பாருங்கள். ஆடினால் அது வளைந்த சரக்கு. பின்பக்கம் ஒரு துளி தண்ணீர் விடுங்கள். சட்டென்று உறிஞ்சினால் அது சுவருக்கானது, நிலத்துக்கு வேண்டாம். திறக்காத பெட்டியைத் திருப்பி எடுப்பார்களா என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். ஆனால் ஒரு பெட்டியை வீட்டிலேயே வைத்திருங்கள். நாளைக்கு ஒரு பைப் உடைந்து நிலத்தைத் தோண்டினால் அதுதான் கைகொடுக்கும்.

இனி நிலம். சுத்தியல் பிடியால் அடிக்கு அடி தட்டிப் பாருங்கள். கட்டிச் சத்தம் வரும் இடத்தை விடலாம். கோறைச் சத்தம் வரும் இடத்தை உடைத்து எடுக்கவேண்டும். கீழே நிரவிய மண் இறங்கி நிலம் அகலமாக வெடித்திருந்தால், மேலே எதைப் பதித்தாலும் அதே கோட்டில் ரைலும் வெடிக்கும். அந்த அறையை மட்டும் தோண்டி, கிரவல் போட்டு இடித்து இறுக்கி, புதிதாகக் கொங்கிறீற் போடுங்கள். நல்ல நிலமாக இருந்தாலும் ஆண்டாண்டாகப் பூசிய சிவப்புப் பொலிஷ் ஒரு மெழுகுப் படலம். அதன் மேல் எதுவும் ஒட்டாது. கிறைண்டரால் தேய்த்து எடுத்து, உளியால் இரண்டு அங்குலத்துக்கு ஒரு கொத்துக் கொத்தி, தூசைக் கழுவவேண்டும். மேசன் சொல்லாமல் விட்ட பாதி இதுதான்.

பெரிய ரைலுக்குச் சீமெந்துப் பால் ஊற்றிப் பதிக்கும் பழைய முறை பொருந்தாது. போர்சலின் ரைல் தண்ணீர் உறிஞ்சாது, ஆகவே சீமெந்துப் பாலை அது பிடிக்காது. ரைல் பசைதான் வேண்டும். 10 மில்லிமீற்றர் பல் உள்ள கரண்டியால் இழுத்தால் 25 கிலோப் பை 45 முதல் 50 சதுர அடிக்கு வரும். உங்களுக்கு 12 பை. நாலு மூலையிலும் நடுவிலும் ஐந்து உருண்டை வைத்து அமத்த விடவேண்டாம். இடையில் வெற்றிடம் இருக்கும். அலுமாரிக் கால் அதன் மேல் வந்தால் மூலை உடையும். முதல் பத்து ரைலில் ஒன்றைக் கிளப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். பின்பக்கம் முழுக்கப் பசை பிடித்திருக்கவேண்டும்.

ரைலுக்கு ரைல் குறைந்தது 2 மில்லிமீற்றர், சுவரோரம் 8 முதல் 10 மில்லிமீற்றர் இடைவெளி விடவேண்டும். சுவரோர இடைவெளியைச் சுவரடியில் ஒட்டும் விளிம்பு ரைல் மறைத்துவிடும். இடைவெளி இல்லாமல் நெருக்கிப் பதித்த நிலம், சீற் கூரைக்குக் கீழே கோடை வெக்கையில் விரிய இடமில்லாமல் ஒருநாள் மத்தியானம் படாரென்று வரிசையாக எழும்பும். "கள்ளச் சரக்கு" என்று கடைக்காரரைத்தான் ஏசுவோம். காரணம் இடைவெளி விடாததுதான்.

நிலம் ஏறக்குறைய முக்கால் அங்குலம் உயரும். கதவின் அடியைச் சீவும் கூலியையும் முதலே பேசிக்கொள்ளுங்கள். குளியலறை நிலம் மற்ற அறையை விடத் தாழ்வாகவே இருக்கவேண்டும்.

வெள்ளை விடயம்: உங்கள் பக்கத்துச் செம்மண்ணில் ஒவ்வொரு காலடியும் தெரியும். விறாந்தைக்கும் குசினிக்கும் மணல் நிறத்தில் பளபளப்பில்லாத, வழுக்காத் தன்மையைக் காட்டும் ஆர் 10 (R10) என்ற தரம் குறித்த ரைல் எடுங்கள். ஹோலில் பிள்ளைகள் ஆசைப்படி வெள்ளை போடட்டும், கூட்டுவதையும் அவர்களே பொறுப்பெடுத்தால். ரைல்களுக்கு நடுவே நிரப்பும் இடைப்பூச்சு மட்டும் எங்கும் வெள்ளை வேண்டாம், சாம்பல் நிறம் எடுங்கள். வேலை முடிந்ததும் அசிட் ஊற்றிக் கழுவுவதையும் தடுத்துவிடுங்கள். இடைப்பூச்சை அது தின்றுவிடும்.

கேள்வி: இரண்டு முறை பெயின்ற் அடித்தாயிற்று. ஒவ்வொரு மாரிக்குப் பிறகும் சுவரின் கீழ் இரண்டு அடி பொருக்கு வெடித்து, வெள்ளைத் தூள் கொட்டுகிறது. விலை கூடிய வோட்டர்புறூப் பெயின்ற் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், புதுக்குடியிருப்பு

இப்போதைக்கு வாங்கவேண்டாம். பிழை பெயின்றில் இல்லை. அத்திவாரத்துக்கு மேலே ஈரத்தடுப்புப் படை இல்லாமலோ, இருந்தும் உடைந்தோ நிலத்து ஈரம் கல்லுக்குள் ஏறுகிறது. சவர்த் தண்ணீரிலோ கழுவாத கடல் மணலிலோ அரிந்த கல்லென்றால் உப்பு கல்லுக்குள்ளேயே இருக்கும். ஈரம் உப்பைக் கரைத்து வெளியே கொண்டுவரும். தண்ணீர் காய, உப்பு பெயின்றுக்குப் பின்னால் பளிங்காகி அதைத் தள்ளும். உள்ளே தடித்த படலத்தைப் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி இன்னும் மேலே ஏறும். இரண்டு அடி மூன்று அடியாகும். அழகுக்குக் கீழ்ச்சுவரில் ரைல் ஒட்டினாலும் இதே கதைதான்.

உறுதிப்படுத்த ஒரு வழி: ஒரு அடிச் சதுரப் பொலித்தீனை நான்கு பக்கமும் ரேப்பால் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். உள்பக்கம் வியர்த்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது.

மருந்தை வெளியிலிருந்து தொடங்குங்கள். சுவரோர மண் உள்நிலத்தை விட ஆறு அங்குலமாவது தாழ்ந்திருக்கவேண்டும். பல வீடுகளில் பூக்கன்றுக்கு மண் போட்டுப் போட்டே அது உயர்ந்துவிட்டது. தாழ்வாரத் தண்ணீர் விழுந்து தெறிக்கும் இடத்துக்குச் சல்லி போடுங்கள், அல்லது பீலி பூட்டுங்கள். பிறகு கச்சான் காற்று வீசும் மாதங்களில் கறை தெரியும் கோட்டுக்கு மேலே ஒரு அடி வரை பூச்சை உடைத்துக் கல்லை வெளியே காயவிடுங்கள். பூக்கும் உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டி வெளியே கொட்டவேண்டும். தண்ணீரால் கழுவினால் உப்பு திரும்ப உள்ளே போகும். ஈரம் அதிகமென்றால் நில மட்டத்துக்குச் சற்று மேலே, நான்கைந்து அங்குலத்துக்கு ஒன்றாகத் துளையிட்டு ஈரத்தடுப்பு இரசாயனம் ஏற்றலாம். செலவுதான், ஆனால் வருடாவருடம் பெயின்ற் வாங்குவதை விட மலிவு.

புதுப் பூச்சுக்குச் சீமெந்து ஒன்று, சுண்ணாம்பு ஒன்று, கழுவிய ஆற்றுமணல் ஆறு. சீமெந்தைக் கூட்டினால் பலம் என்று நினைக்கவேண்டாம், சுவர் மூச்சுவிடாது. 28 நாள் கழித்தே காரத்தைத் தாங்கும் அடிப்பூச்சும் சாதாரண இமல்ஷனும். ஒக்ரோபர் மழைக்கு முன் முடியவேண்டும், ஆகவே யூனிலேயே உடையுங்கள்.

அளவு: 12×14 அறை, 10 அடி உயரம் என்றால் சுவர் 520 சதுர அடி. கதவு, யன்னலுக்கு 50 கழித்தால் 470. நம்மூர்ச் சொரசொரப்புப் பூச்சில் ஒரு லீற்றர் ஒரு பூச்சுக்கு 100 சதுர அடி என்று வையுங்கள். இரண்டு பூச்சுக்கு 10 லீற்றர் வாளி ஒன்று போதும். தகரத்தில் எழுதியிருப்பது கண்ணாடி போன்ற சுவருக்கான கணக்கு.

கேள்வி: முன்கதவுக்கு முதிரைப் பலகை மலிவாக வருகிறது, பேமிற் இல்லை. எடுக்கலாமா?
– வாசகர், மாங்குளம்

வேண்டாம். முதிரை, பாலை போன்ற மரங்களைக் கொண்டுசெல்ல வனவளத் திணைக்கள அனுமதிப்பத்திரம் வேண்டும். பிடிபட்டால் பலகையோடு வாகனமும் போகும். அரச மரக் கூட்டுத்தாபனத்திலோ பதிவுள்ள மர ஆலையிலோ பற்றுச்சீட்டோடு வாங்குங்கள். அப்படி வாங்கினாலும் பச்சை மரமென்றால் பயனில்லை. பாலை பச்சையாக இருந்தால் நன்றாக வெடிக்கும். ஈரமானியில் 12 முதல் 15 வீதம் காட்டவேண்டும். கதவை மாரியில் இழைத்துப் பூட்டினால் கோடையில் இடைவெளி விடும், கோடையில் நெருக்கிப் பூட்டினால் மாரியில் இறுகும். சுற்றிவர 3 மில்லிமீற்றர் விடச் சொல்லுங்கள். கதவின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் வார்னிஷ் பூசாமல் விடுவதுதான் அதிகம் நடக்கும் பிழை, தண்ணீர் குடிப்பது அங்கேதான். நிலையின் கால் மண்ணையும் ஈரத்தையும் தொடாமல் இருந்தால் கறையானுக்கு வழி குறையும். குளியலறைக்கு மரமே வேண்டாம், பிளாஸ்ரிக் கதவு போதும்.

கேள்வி: குசினி அலுமாரிக்கு எம்டிஎஃப் பலகையா, அலுமினியமா?
– வாசகி, முள்ளியவளை

அலுமினியம். எம்டிஎஃப் என்பது மரநாரை அமத்திச் செய்த பலகை. சிங்குக்குக் கீழே ஒரு முறை நனைந்தாலே பிஸ்கற் போல் ஊதும், கறையானும் விடாது.

கேள்வி: பதித்த பிறகுதான் ஆறு பெட்டியின் நிறம் வேறு என்று தெரிந்தது. விற்ற சரக்கைத் திருப்பி எடுக்கமாட்டோம் என்கிறது கடை. எங்கே முறையிடலாம்?
– வாசகர், நெடுங்கேணி

பதித்துவிட்டதால் வழக்கு உங்களுக்குச் சற்றுக் கடினம். "பார்த்துத்தானே பதித்தீர்கள்" என்பார்கள். இருந்தாலும் பெட்டி மட்டைகளை எறியவேண்டாம். இரண்டு தொகுதி இலக்கமும் தெரியும்படி படம் எடுத்து, பில்லோடு முதலில் கடைக்கு எழுத்தில் கொடுங்கள், பிரதியில் கையொப்பம் வாங்குங்கள். சரிவராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி முறைப்பாட்டை எழுத்தில், வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்கவேண்டும். ஆகவே மேசன் வேலை முடியட்டும் என்று காத்திருக்கவேண்டாம். மாவட்டச் செயலகத்தில் விசாரியுங்கள், 1977 இலக்கத்துக்கும் அழைக்கலாம். பில் கேட்டால் கொடுக்கவேண்டியது வியாபாரியின் கடமை. "பில் இல்லாமல் என்றால் விலை குறைவு" என்ற பேச்சுக்கு இணங்கியிருந்தால், முறைப்பாட்டின் அரைவாசிப் பலம் அங்கேயே போய்விட்டது.

பிழை கடையிலா மேசனிலா என்று இழுபட்டால், கூலிப் பிணக்கை மட்டும் தனியாகப் பிரித்து உங்கள் பிரதேச மத்தியஸ்த சபைக்குக் கொண்டுபோகலாம். மிச்சக் கூலியை அதுவரை கையில் வைத்திருங்கள்.