இரண்டு மணிக்கு மூடும் சமையலறை

ஐயா, வணக்கம்.

நான்கு வருஷமாக இங்கிலாந்தில், ரெடிங்கில் வேலை பார்க்கிறேன். போன கோடையில் ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவை யார்க்‌ஷர் டேல்ஸ் மலைக் கிராமங்கள் பக்கம் அழைத்துப் போனோம். புதன்கிழமை மதியம் இரண்டு பத்துக்கு ஒரு கிராமத்து பப்பில் நுழைந்தோம். பத்துப் பேர் குடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் முன்னால் சாப்பாட்டுத் தட்டும் இருந்தது. எங்களிடம் மட்டும் ‘கிச்சன் மூடியாச்சு’ என்றார்கள். அம்மா காரில் உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டார். எங்கள் நிறத்தைப் பார்த்துத்தான் சொன்னார்களோ என்று இன்னமும் உறுத்துகிறது. இந்த நாட்டுச் சாப்பாடும்தான் என்ன, அவித்த உருளைக்கிழங்கும் உப்புச் சப்பில்லாத கறியும்! இந்த வருஷமும் நான்கு நாள் போகிறோம். காட்ஸ்வோல்ட்ஸ் குன்றுக் கிராமங்களா, மறுபடி டேல்ஸா? எந்த ஊரில் தங்கலாம்? அம்மா சைவம், முட்டை மட்டும் சாப்பிடுவார். ரைஸ் குக்கர் கொண்டுபோகலாமா?

ச., ரெடிங்

அன்புள்ள ச.,

அம்மாவின் பிஸ்கட்டைப் படித்த பிறகு வேறு வேலை ஓடவில்லை. அந்த நாட்டுக் கிராமச் சாப்பாட்டை நம்மவர்கள் தெரிந்துகொள்ளாமலே ஒதுக்குவது கொஞ்ச நாளாகவே மனதில் கிடக்கிறது. உங்கள் கடிதம் அதைக் கிளறிவிட்டது.

நிறம் பார்க்கிறவர்கள் அங்கே இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். இருக்கிறார்கள். ஆனால் அந்தப் புதன்கிழமை உங்களைத் திருப்பி அனுப்பியது கடிகாரம்தான் என்று நினைக்கிறேன். கிராமத்து பப்புகளில் பெரும்பாலும் மதியச் சமையல் 12 முதல் 2 வரை, ராத்திரி 6 முதல் 8.30 வரை. இரண்டு மணி என்றால் கடைசி ஆர்டர் சொல்லும் நேரம். நீங்கள் பார்த்த இரண்டு தட்டுகளும் 1.50-க்குச் சொன்னவையாக இருக்கும். பல இடங்களில் உள்ளே ஒரே ஒரு சமையல்காரர், கூட ஒரு கையாள். இரண்டு மணிக்குப் பிறகு அடுப்பைத் துடைத்து, ராத்திரிக்கு வேண்டியதை நறுக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய், மாலையில் திரும்பி வருவார். பீர் ஊற்றச் சமையல்காரர் வேண்டாம், அதனால் பார் மட்டும் திறந்திருக்கும். இன்னொன்று, பல பப்புகளில் மேசைக்கு வந்து யாரும் என்ன வேண்டும் என்று கேட்க மாட்டார்கள். நாமே பாருக்குப் போய் மேசை எண்ணைச் சொல்லி ஆர்டர் கொடுக்க வேண்டும். தெரியாமல் உட்கார்ந்திருந்தால் இருக்கிற பத்து நிமிஷமும் போய்விடும். திங்கட்கிழமையும் ஞாயிறு ராத்திரியும் அடுப்பே மூட்டாத பப்புகள் உண்டு.

உறுத்தலை விடுங்கள். அந்த உருளைக்கிழங்குப் பேச்சைத்தான் என்னால் விட முடியவில்லை. நான்கு வருஷம் அந்த நாட்டில் இருக்கிறீர்கள், ஓவனில் சுட்ட கறியும் உருளைக்கிழங்குமாக ஞாயிறு மதியம் போடும் ஞாயிறு ரோஸ்ட் என்ற வார்த்தையே உங்கள் கடிதத்தில் இல்லை. செட்டிநாட்டுக்கு வந்து பஸ் ஸ்டாண்டில் பன் தின்றுவிட்டு ஊர்ச் சாப்பாட்டைக் குறை சொல்பவரை என்ன சொல்வீர்கள்?

அந்த உருளைக்கிழங்கை அவிப்பது பாதி வேலைதான். மாரிஸ் பைப்பர் போன்ற மாவுக் கிழங்கை உப்புத் தண்ணீரில் எட்டுப் பத்து நிமிஷம் மட்டும் வேகவிட்டு வடித்து, ஆவி போக ஆறவைப்பார்கள். பிறகு மூடி போட்டுப் பாத்திரத்தைக் குலுக்குவார்கள். விளிம்பெல்லாம் சொரசொரப்பாகும். அந்தச் சொரசொரப்பு சூடான கொழுப்பைக் குடித்து, 200 டிகிரி ஓவனில் முக்கால் மணி நேரத்தில் மொறுமொறுவென்று வரும். ஆவி போகாமல் ஈரத்தோடு போட்டால் சொதசொதத்துவிடும்.

கறிக்கு மசாலா கிடையாது. அங்கே ருசி கொடுப்பது கொழுப்பும் நேரமும். மாட்டுத் துண்டை ஒரு மணி நேரம் முன்பே குளிர்பெட்டியிலிருந்து எடுத்து உப்பும் மிளகும் தேய்த்து, முதல் 20 நிமிஷம் 230 டிகிரியில் மேல்பக்கம் சிவக்கவிடுவார்கள். பிறகு 160-க்கு இறக்கி, அரைக் கிலோவுக்கு ஏறக்குறைய கால் மணி நேரம். வெந்ததும் வெட்டக் கூடாது. குறைந்தது அரை மணி நேரம் சும்மா வைக்க வேண்டும். உடனே கத்தி வைத்தால் சாறெல்லாம் பலகையில் ஓடி, நீங்கள் சொன்ன சப்பென்ற கறிதான் தட்டுக்கு வரும்.

இந்த அரை மணி நேரத்தில்தான் விஷயமே இருக்கிறது. கறி வெளியே வந்ததும் ஓவன் காலியாகும், மறுபடி 230-க்கு ஏற்றலாம், யார்க்‌ஷர் புட்டிங் உள்ளே போகும். பெயர்தான் புட்டிங், இனிப்பு இல்லை, கறியோடு தின்னும் உப்பு அப்பம். முட்டையை உடைத்து டம்ளரில் ஊற்றுங்கள். அதே அளவு மைதா, அதே அளவு பால், ஒரு சிட்டிகை உப்பு. அடித்து அரை மணி நேரமாவது ஊறவிட வேண்டும். குழித்தட்டில் குழிக்கு ஒரு தேக்கரண்டி மாட்டுக்கொழுப்பு விட்டு, புகை வரும்வரை ஓவனில் காயவைப்பார்கள். மாவு விழும்போது சுர்ரென்று சத்தம் வர வேண்டும், நம் பணியாரக் குழி மாதிரி. சத்தம் வரவில்லையென்றால் அடியில் ஒட்டி, ரப்பர் போலாகிவிடும். அதில் சோடாவும் ஈஸ்ட்டும் இல்லை. மாவின் நீராவிதான் அதைக் கிண்ணமாகத் தூக்கி நிறுத்துகிறது. 20 நிமிஷத்துக்குள் ஓவன் கதவைத் திறந்தால், இறுகாத சுவர் அப்படியே உட்கார்ந்துவிடும். முன்காலத்தில் கம்பியில் சுழலும் கறிக்குக் கீழே தட்டு வைத்து, சொட்டும் கொழுப்பிலேயே இதைச் சுட்டார்கள். ஹன்னா கிளாஸ் 1747-இல் தன் சமையல் நூலில் யார்க்‌ஷர் பெயரோடு செய்முறை எழுதியிருக்கிறார். வயிற்றைப் பாதி நிரப்பிவிட்டால் கறி குறைவாகச் செலவாகும் என்று, கறிக்கு முன்னால் கிரேவியோடு இதைப் பரிமாறும் வழக்கமும் இருந்தது.

கறி வறுத்த தட்டின் அடியில் ஒட்டியிருக்கும் கருஞ்சிவப்புப் பற்றுதான் கிரேவி. தட்டை அப்படியே அடுப்பில் வைத்து, ஒரு கரண்டி மைதா தூவி, காய் வெந்த தண்ணீரை ஊற்றிச் சுரண்டிக் கொதிக்கவிடுவார்கள்.

இத்தனையும் ஒரே நேரத்தில் முடிந்தாக வேண்டும். புட்டிங் வெளியே வந்த சில நிமிஷங்களில் தொய்யும். கறித்துண்டு தீர்ந்தால் தீர்ந்ததுதான், இன்னொன்று வைத்து எடுக்க மூன்று மணி நேரம் ஆகும். அடுப்பை ஏன் நேரத்துக்கு மூடுகிறார்கள் என்பது இப்போது புரிகிறதா? மாடு வேண்டாமென்றால் ஆடு வாங்குங்கள், கூடவே புதினா சாஸ் வரும்.

ரைஸ் குக்கர் வேண்டாம். பி அண்ட் பி என்ற, தங்க அறையும் காலைச் சாப்பாடும் தரும் விடுதிகளில் பெரும்பாலும் சமைக்க விடமாட்டார்கள், ஆவியிலேயே புகை அலாரம் அலறக்கூடும். சோறில்லாமல் ஆகாதென்றால் சமையலறையோடு ஒரு காட்டேஜ், அதாவது தனி வாடகை வீடு எடுங்கள்.

ஊர்? நான்கு நாளுக்கு வயதானவர்களோடு டேல்ஸ் வரை காரில் போய்வருவது வீண் அலைச்சல். காட்ஸ்வோல்ட்ஸ் போங்கள். ரெடிங்கிலிருந்தே மோர்ட்டன்-இன்-மார்ஷுக்கு நேர் ரயில் இருக்கிறது. அங்கேயோ சிப்பிங் கேம்டனிலோ தங்கலாம். போர்ட்டன்-ஆன்-த-வாட்டரில் கோடைப் பகலில் நிற்க இடமிருக்காது.

அம்மாவின் தட்டுக்குத்தான் கவனம் வேண்டும். நட் ரோஸ்ட் என்று முந்திரி, வால்நட் போன்ற கொட்டைகளில் செய்த ஒன்று சைவத்துக்கென்று இருக்கும். ஆனால் அதன் பக்கத்தில் வைக்கும் உருளைக்கிழங்கு வாத்துக் கொழுப்பிலும் புட்டிங் மாட்டுக்கொழுப்பிலும் வெந்திருக்கலாம். ஒவ்வாமை தரும் 14 பொருள்களைக் கேட்டால் சொல்லியாக வேண்டும் என்று அங்கே சட்டம் உண்டு. மாட்டுக்கொழுப்பு அந்த 14-இல் இல்லை. நாம் கேட்டால்தான் தெரியும். சமையலில் ருசிக்கு விடும் வூஸ்டர் சாஸில் நம் புளி இருக்கிறது, நெத்திலியும் இருக்கிறது. காலை மேசையில் வைக்கும் ஹெச்பி சாஸிலும் புளி உண்டு, அதில் மீன் இல்லை. இனிப்பில் ஜாம் ரோலி-போலி வேண்டாம், மாட்டின் சிறுநீரகக் கொழுப்பில் செய்வது. பேரீச்சம்பழம் போட்ட ஸ்டிக்கி டாஃபி புட்டிங் சொல்லுங்கள்.

ஆகவே முன்கூட்டியே பப்புக்கு போன் செய்யுங்கள். ஞாயிறு 12.30-க்கு மேசை வேண்டும், எத்தனை பேர், ஒருவர் சைவம் என்று சொல்லுங்கள். உருளைக்கிழங்கையும் புட்டிங்கையும் அவருக்குத் தனியாக எண்ணெயில் செய்ய முடியுமா என்று கேளுங்கள். சைவ கிரேவி தனிக் கிண்ணத்தில் வரட்டும்.