விமானம் பறக்கும்போது இறக்கையின் வளைவை அளக்க ஆப்டிகல் ஃபைபர் எதற்கு, கேமரா போதாதா?

கேமராவே போதும் என்று யாரோ உங்களிடம் அடித்துச் சொல்லியிருக்கிறார்கள். கல்லூரி புராஜெக்ட்டுக்காகக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். கேமராவும் பயன்படுகிறது, நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் லென்ஸில் வெயில் அடித்தாலோ மேகத்துக்குள் புகுந்தாலோ அதற்குக் கண் தெரியாது.

உண்மையில் ஃபைபர் வடிவத்தை அளப்பதே இல்லை. தலைமுடி அளவு மெல்லிய கண்ணாடி இழைக்குள் பிராக் கிரேட்டிங் எனும் நுண்வரிகள் இருக்கும். இறக்கை வளைந்தால் இழையும் நீளும், வரிகளின் இடைவெளி மாறும், திரும்பி வரும் ஒளியின் அலைநீளமும் மாறும். அதிலிருந்து கிடைப்பது திரிபு (ஸ்ட்ரெயின்), அதாவது இருந்த நீளத்தில் எத்தனை பங்கு மாறியது என்பது. அதை இறக்கையின் அடியிலிருந்து நுனிவரை இரண்டு முறை தொகையிட்டால்தான் (இன்டெக்ரேஷன்) வளைவு வரும். இதற்கான சமன்பாடுகளை நாசாவில் வில்லியம் கோ வகுத்தார். 2008இல் இகானா என்ற ஆளில்லா விமானத்தில் ஃபைபரை ஒட்டிப் பறக்கவிட்டார்கள். அதற்கு ஐந்து வருடம் முன்பு, 75 மீட்டர் இறக்கை கொண்ட ஹீலியோஸ் என்ற நாசாவின் ஆளில்லா விமானம் அளவுக்கு மீறி மேல்நோக்கி வளைந்து, தள்ளாடி, ஹவாய் அருகே கடலில் விழுந்திருந்தது.

நான் சோதனைக் கூடத்தில் சென்சார் ஒட்டுகிறவன். ஒரு தடவை எடையே ஏற்றாமல், இழையின் ஒரு பகுதி மட்டும் இறக்கை வளைந்ததாகக் காட்டியது. மென்பொருள்காரர்கள் காலையிலிருந்து புரோகிராமைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். நான் போய்க் கை வைத்துப் பார்த்தேன், அந்த இடம் சுட்டது. ஷட்டர் கதவு வழியாக வெயில் நேராக அங்கே விழுந்துகொண்டிருந்தது. கதவை இறக்கியதும் கொஞ்ச நேரத்தில் வரைபடம் பூஜ்ஜியத்துக்கு வந்துவிட்டது. வெப்பம் ஒரு டிகிரி ஏறினாலே ஃபைபர் சுமார் 8 மைக்ரோஸ்ட்ரெயின் (நீளத்தில் பத்து லட்சத்தில் எட்டுப் பங்கு) காட்டும். அலுமினியத்தில் ஒட்டியிருந்தால் இன்னும் கூடும். அதனால்தான் பக்கத்திலேயே ஒட்டாமல் தளர்வாக இன்னொரு இழையை ஓடவிட்டு, வெப்பத்தின் பங்கைக் கழிக்கிறார்கள். இது பாடத்திலேயே இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, சரி. அன்று அதைப் படித்தவர்கள் எல்லாரும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

புராஜெக்ட்டுக்கு ஃபைபர் கருவியின் விலையைப் பார்த்து மலைக்காதீர்கள். அலுமினியப் பட்டையில் திரிபை மின்சாரத்தால் அளக்கும் சாதாரண ஸ்ட்ரெயின் கேஜ்களை வரிசையாக ஒட்டினாலும் கணக்கு அதேதான். புள்ளி குறையும், ஒயர் கூடும், அவ்வளவுதான். ஒட்டுவதற்கு முன் பட்டையை எமரித் தாளால் தேய்த்து, துடைக்கிற துணியில் கறுப்பு வருவது நிற்கும்வரை ஆல்கஹாலால் துடையுங்கள். பசை சரியில்லையென்றால் எந்த சமன்பாடும் காப்பாற்றாது. எங்கள் கொள்முதல் பிரிவுக்கு இது புரிந்ததே இல்லை. காலாவதியாகப் போகும் எபாக்ஸி பசையை மலிவாகக் கிடைத்ததென்று வாங்கி அனுப்புவார்கள், வேண்டாமென்று எழுதிக் கொடுத்தால், “போன தடவை ஒட்டுச்சே?” என்பார்கள்.