வளர்ந்ததெல்லாம் எங்கே போகிறது?

கேள்வி: எனக்கு வயது 27. ஆடிட்டர் ஆபீஸில் வேலை. இரண்டு வருடத்துக்கு முன்பு கழுத்தளவு பாப் வெட்டினேன். அன்றிலிருந்து வளர்க்கிறேன், தோளைத் தாண்டவே மாட்டேன் என்கிறது. நுனி பிளவுபடக் கூடாது என்று 3 மாதத்துக்கு ஒருமுறை பார்லரில் ஓர் அங்குலம் வெட்டிக்கொள்கிறேன். வீட்டில் போர் தண்ணீர். வாரத்தில் 4 நாள் ஸ்ட்ரெய்ட்னர். மாலை 4 மணிக்கு டீ, பிஸ்கட், சில நாள் பப்ஸ். அம்மா தினமும் எண்ணெய் வைக்கச் சொல்கிறார், தோழி பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடச் சொல்கிறாள். 14 மாதத்தில் கல்யாணம். அதற்குள் முடி வளருமா? அதுவரை ஆபீஸுக்குப் பார்க்கிற மாதிரி எப்படிப் போவது?
– வாசகி, ஈரோடு

பதில்: உங்கள் முடி வளரத்தான் செய்கிறது. தலைமுடி மாதத்துக்கு 1 முதல் 1.25 செ.மீ. வரை வளரும். அப்படியானால் இரண்டு வருடத்தில் 24 முதல் 30 செ.மீ. வளர்ந்திருக்கும். பார்லரில் 8 தடவை ஓர் அங்குலம் வெட்டியதில் 20 செ.மீ. போயிற்று. மீதியில் ஒரு பங்கு ஸ்ட்ரெய்ட்னரில் ஒடிந்தது. கையில் நிற்பது கழுத்துக்கும் தோளுக்கும் இடையில் உள்ள அந்தச் சில செ.மீ. மட்டும்தான். நுனியை வெட்டினால் வேர் வேகமாக வளரும் என்பதெல்லாம் சும்மா. கத்தரிக்கோல் பட்ட சேதி வேருக்குப் போய்ச் சேராது. இனி 4 மாதத்துக்கு ஒருமுறை 1 செ.மீ. போதும். நாற்காலியில் உட்காரும்போதே விரலால் அளவைக் காட்டிவிடுங்கள். “கொஞ்சமா வெட்டுங்க” என்றால் பார்லர் அகராதியில் அது ஓர் அங்குலம்தான்.

முதலில் ஒரு சின்னப் பரிசோதனை. சீப்பில் வந்த முடியில் பத்து எடுத்து வெள்ளைத் தாளில் வையுங்கள். ஒரு முனையில் கடுகில் பாதிகூட இல்லாத வெள்ளைக் குமிழ் தெரிந்தால் அது வேரோடு உதிர்ந்த முடி. ஒரு நாளைக்கு 50 முதல் 100 வரை அப்படி உதிர்வது இயல்பு. இரண்டு முனையிலும் குமிழ் இல்லாமல் துண்டு துண்டாக இருந்தால் அது ஒடிந்த முடி. உங்களுக்குத் துண்டுகள்தான் அதிகம் வரும் என்பது என் ஊகம்.

காரணம் தோள். நுனி தோளில் இடிக்கும் நீளத்தில் எந்த முடியும் வெளிப்பக்கமாக வளைந்து நிற்கும். அதை நேராக்க நீங்கள் ஸ்ட்ரெய்ட்னர் பிடிக்கிறீர்கள், நுனி காய்ந்து பிளக்கிறது, பிளந்ததை வெட்டுகிறீர்கள், முடி மறுபடி தோளுக்கே வந்து நிற்கிறது. முடி ஈரமாக இருக்கும்போது சூடு வைத்தால் இன்னும் மோசம். உள்ளே உள்ள நீர் ஆவியாகி, முடித்தண்டுக்குள் குமிழி குமிழியாக வெடிக்கும். ‘ஸ்ஸ்’ என்ற சத்தம் கேட்டால் அதுதான் நடக்கிறது என்று அர்த்தம். விட முடியாவிட்டால் வாரம் ஒருநாள், நன்றாகக் காய்ந்த பிறகு, 180 டிகிரிக்குள், ஒரே இழுப்பு.

மற்ற நாள்களில் வளைவை மறைத்துவிடலாம். இரு காதுக்கும் மேலே உள்ள முடியை மட்டும் எடுத்து, லேசாக முறுக்கிப் பின்னால் ஒரு கிளிப்பில் சேருங்கள். முகம் தெளிவாகத் தெரியும், ஆபீஸுக்கும் பொருத்தம். இன்னொரு நாள் முழுவதையும் சுருட்டி கிளட்ச் கிளிப். கிளிப் ஒரே இடத்தில் தினமும் கடித்தால் அங்கேயே ஒடியும், அதனால் மேலும் கீழும் மாற்றிப் போடுங்கள். மெல்லிய ரப்பர் பேண்டு வேண்டவே வேண்டாம், துணி சுற்றிய பேண்டு வாங்குங்கள். நெற்றி ஓரம் வலிக்கிற அளவுக்கு இழுத்துக் கட்டினால் நாளடைவில் அந்த வரிசையே பின்வாங்கும். காலர் வைத்த குர்தி போடும் நாளில் முடியைத் தூக்கிக் கட்டுவது நல்லது, காலர் நாள் முழுக்க நுனியை உரசும். விரித்துவிட ஆசைப்படும் நாளில் போட் நெக் போடுங்கள். தோள் பையின் வாரில் முடி சிக்குவதையும் கவனியுங்கள். ஸ்கூட்டரில் போகிறீர்கள் என்றால் ஈரத்தலையில் ஹெல்மெட் கூடாது.

அம்மா சொல்வதில் பாதி சரி. தேங்காய் எண்ணெய் முடித்தண்டுக்குள் புகக்கூடியது, குளிக்கும்போது முடி புரதம் இழப்பதைக் குறைக்கும். ஆனால் அதற்கு தினமும் வைக்க வேண்டியதில்லை. தலை குளிப்பதற்கு முந்தைய இரவு, 2 டீஸ்பூன், காதுக்குக் கீழே உள்ள நீளத்துக்கும் நுனிக்கும். பொடுகு இருந்தால் மண்டையில் எண்ணெய் வைக்காதீர்கள், பொடுகை வளர்க்கும் பூஞ்சைக்கு அதுவே சாப்பாடு.

போர் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் முடிமேல் படிந்து சொரசொரப்பாக்கும். சோப்பு போட்டால் பிசுக்கே கட்டும். ஷாம்பு போட்டு அலசிய பிறகு, 1 லிட்டர் வடிகட்டிய குடிநீரில் 1 டேபிள்ஸ்பூன் வினிகர் கலந்து கடைசியாக ஊற்றி, ஒரு நிமிடம் விட்டு, சாதா குடிநீர் ஒரு சொம்பு ஊற்றுங்கள். வாரம் ஒருமுறை போதும். சீயக்காய் என்றால் பொடியை அப்படியே தேய்க்க வேண்டாம், திப்பி முடியைக் கீறும். 3 டேபிள்ஸ்பூன் பொடியைச் சுடுநீரில் ஊறவைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி, அந்தச் சாற்றை மட்டும் பயன்படுத்துங்கள்.

ஈரமுடி காய்ந்த முடியைவிட எளிதில் இழுபட்டு ஒடியும். துண்டால் அடித்துத் துவட்டாமல் பழைய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். அரை ஈரம் போனதும், முடியை நடுவில் கைப்பிடியாகப் பிடித்துக்கொண்டு, அகலப் பல் சீப்பால் கடைசி நாலு விரல் நுனியை முதலில் சிக்கெடுத்து, பிறகு மேலே மேலே ஏறுங்கள். இழுப்பு வேர்வரை போகாமல் உங்கள் பிடியிலேயே நின்றுவிடும்.

இப்போது 4 மணிக்கு வருவோம். முடி என்பதே புரதம். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 46 கிராம் புரதம் தேவை. பிஸ்கட்டிலும் பப்ஸிலும் மைதாவும் கொழுப்பும் இருக்கின்றன, புரதம் பேருக்குத்தான். 40 கிராம் கொண்டைக்கடலையைச் சுண்டல் செய்தால் கிட்டத்தட்ட 8 கிராம் கிடைக்கும். முந்தைய இரவு ஊறவைத்து, காலையில் 5 விசில் விட்டு, கடுகு, மிளகாய், கறிவேப்பிலை தாளித்து டப்பாவில் போடுங்கள். தேங்காய் மட்டும் சேர்க்காதீர்கள். கோயில் சுண்டல் உடனே தீர்ந்துவிடும், ஆபீஸ் சுண்டல் 4 மணிவரை காத்திருக்க வேண்டும், ஈரோட்டு வெயிலில் தேங்காய் ஊசிப்போகும். அரை எலுமிச்சையைத் தனியாகக் கொண்டுபோய்ச் சாப்பிடும்போது பிழியுங்கள். அதிலுள்ள வைட்டமின் சி, கடலையின் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள உதவும்.

சமைக்க நேரமில்லாத நாளில் ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலையோ பொட்டுக்கடலையோ போதும். முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் அவித்தது ஒன்று, 6 கிராம். கடலை மிட்டாயும் தப்பில்லை, ஆனால் ஒரு துண்டோடு நிறுத்துங்கள், வெல்லம் நிறைய. டீயை விடச் சொல்லவில்லை, சுண்டலோடு குடிக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். டீயின் துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஒரு மணி நேர இடைவெளி கொடுங்கள்.

பயோட்டின் குறைபாடு அபூர்வம். குறைபாடு இல்லாதவருக்கு மாத்திரையால் முடி நீளும் என்பதற்கு நல்ல ஆதாரமில்லை. அதோடு, அது தைராய்டு ரத்தப் பரிசோதனையின் முடிவைத் தவறாகக் காட்டக்கூடும். தாளில் குமிழ் உள்ள முடியே அதிகம் வந்து, உதிர்வும் கூடியிருந்தால் அந்தக் காசுக்கு ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பு), டி.எஸ்.எச். (தைராய்டு) ஆகிய ரத்தப் பரிசோதனைகளைப் பாருங்கள். டெங்கு போன்ற கடும் காய்ச்சலோ பட்டினி டயட்டோ இருந்தால் 2, 3 மாதம் கழித்துக் கொத்தாக உதிரும். பெரும்பாலும் தானே திரும்பும்.

14 மாதத்தில் 14 முதல் 17 செ.மீ. வளரும். மூன்று தடவை வெட்டும் 3 செ.மீ.யைக் கழித்தால், தோளுக்குக் கீழே அரைச் சாணுக்குச் சற்று மேல். இடுப்புவரை பின்னல் நடக்காது. ஆனால் சவுரி பிடித்து நிற்க இந்த நீளம் தாராளம். சவுரி லேசானதாக வாங்கி, ஒரு மாதம் முன்பே ஒருமுறை வைத்துப் பாருங்கள். முகூர்த்தத்தன்று மல்லிகைச் சரத்தைச் சொந்த முடியில் குத்தாமல் சவுரியில் குத்தச் சொல்லுங்கள். இரவு பின்களை எடுத்ததும் ஸ்ப்ரே அடித்த முடியைக் காய்ந்தபடியே சீவ வேண்டாம். தேங்காய் எண்ணெய் தடவி, விரலாலேயே சிக்கெடுத்துவிட்டுத் தூங்குங்கள், மறுநாள் காலையில் அலசிக்கொள்ளலாம்.